அந்த மூணு புள்ளிக்குள்ளே தள்ளாதீங்க

“இதுக்கு மேல இடமில்லை. மூணு புள்ளிக்குள்ள போட்டுடலாம்.”

மொபைல் ஆப் செய்யும் அலுவலகங்களில் இந்த வார்த்தை காதில் விழாமல் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. புதிதாக ஒரு வசதி சேர்க்க வேண்டியிருக்கும். ஸ்க்ரீனில் ஏற்கெனவே நெரிசல். மார்க்கெட்டிங்காரர்கள் தங்கள் பேனரில் ஒரு விரற்கடைகூடக் குறைக்க மாட்டார்கள். மேலிடம் கேட்ட ஆஃபர் பட்டனை அசைக்க ப்ராடக்ட் மேனேஜருக்குத் துணிச்சல் கிடையாது. எதையாவது எடுத்தால்தான் எதையாவது வைக்க முடியும் என்பார் டிசைனர். எதை எடுப்பது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அரைமணி நேரம் இழுபறி நடக்கும். அப்புறம் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்வார். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பிழைப்பவன் நான். அந்த மூன்று புள்ளியை ஒரு ஸ்க்ரீனில் கொண்டுவருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதன் விலையை நாங்கள் கொடுப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல் நிற்பவர்தான் கொடுக்கிறார்.

ஆண்ட்ராய்டு போனில் ஸ்க்ரீனின் மேல் வலது மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்குமே, அதைத்தான் சொல்கிறேன். ஐபோனில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும். இடம் போதாமல் மிஞ்சியதை வைப்பதற்காக ஏற்பட்டது அது. வீட்டுப் பரண் மாதிரி. கொலு பொம்மையைப் பரணில் ஏற்றலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தினம் சோறு பொங்கும் பானையை ஏற்றினால்? எங்கள் தொழிலில் நடப்பது அதுதான். வங்கி ஆப்பில் கணக்கு ஸ்டேட்மென்ட் உள்ளே. டிக்கெட் ஆப்பில் டிக்கெட்டை ரத்து செய்யும் வழி உள்ளே. பரிசோதனைக்கூட ஆப்பில் ரத்தப் பரிசோதனை அறிக்கையை டாக்டருக்கு அனுப்பும் வழி உள்ளே. வெளியே என்ன இருக்கிறது? ஆஃபர், பேனர், ‘புதுசு’ என்று மினுக்கும் சிவப்புச் சீட்டு.

கும்பகோணத்தில் என் அத்தை இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வருமான வரிக் கணக்குக்காகப் போன வருஷத்து வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டிருக்கிறார். ஆப்பிலேயே கிடைக்கும் என்று சொல்லி நான்தான் போனில் வழி சொன்னேன்.

“அத்தை, மேல வலது பக்க மூலையில மூணு புள்ளி தெரியுதா?”

“புள்ளியா? இங்க ஒரு படம்தான் இருக்கு. வீட்டுக் கடன் வாங்கிக்கோன்னு போட்டிருக்கான்.”

“அது விளம்பரம். அதுக்கும் மேல பாருங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சின்னதா மூணு.”

“மேல மணி காட்டுது. பேட்டரி காட்டுது.”

“அதுக்குக் கொஞ்சம் கீழ, அத்தை.”

“கோயில் மணி மாதிரி ஒண்ணு இருக்கு.”

“ஆங், அந்த மணிக்கு வலது பக்கத்துல.”

“அங்க ஒண்ணும் இல்லையேப்பா. வெறும் வெள்ளையா இருக்கு.”

இருந்தது. அதே ஆப் என் போனிலும் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளி. கண்புரை அறுவை செய்துகொண்டு கண்ணாடி போட்டிருப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்து, வெளிச்சத்தைக் கூட்டி, கடைசியில் கண்டுபிடித்துத் தொட்டார். பட்டியல் இறங்கியது. மொழி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், எங்களை மதிப்பிடுங்கள், நண்பருக்குப் பரிந்துரையுங்கள், ஸ்டேட்மென்ட், வெளியேறு. ஐந்தாவதாக இருந்த ஸ்டேட்மென்ட்டைத் தொடப்போய் விரல் அதற்கு அடுத்ததில் பட்டுவிட்டது. ஆப் மூடிக்கொண்டது. திரும்பவும் பாஸ்வேர்ட், திரும்பவும் ஓடிபி.

“வேணாம்ப்பா. நாளைக்கு பேங்குக்கே போயிடறேன். எனக்குத்தான் இதெல்லாம் தலையில ஏற மாட்டேங்குது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. வருஷக் கணக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் ஏற்றியவர் தலையில் ஏறாதது என்ன? பிழை அவரிடம் இல்லை. மாதம் தவறாமல் தேவைப்படுகிற ஒன்றை ‘எங்களை மதிப்பிடுங்கள்’ என்பதற்குக் கீழே வைத்தார்களே, அவர்களிடம் இருக்கிறது. ஆனால் போனைக் கையில் வைத்திருப்பவர்கள் எப்போதும் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். நாங்களும் அதை வசதியாக எடுத்துக்கொள்கிறோம். புகார் வரவில்லை, ஆகவே குறையில்லை என்று அறிக்கை எழுதுகிறோம்.

இந்தப் புள்ளிகள் ஒரு குறையைத் தீர்க்கத்தான் வந்தன. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் மெனு என்று தனியாக ஒரு விசை உண்டு. ஸ்க்ரீனில் இல்லாததெல்லாம் அந்த விசையை அழுத்தினால் வரும். எந்த ஸ்க்ரீனில் அழுத்தினால் வரும், எதில் வராது என்று பார்த்தால் தெரியாது. அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல பேர் அப்படி ஒரு விசை இருப்பதையே மறந்துவிட்டார்கள். அதனால் 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-ல் ஸ்க்ரீனின் மேலே ஒரு பட்டை வைத்து, முக்கியமானதை அதில் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கி, மிஞ்சியதற்கு ஒரு மெனு பட்டன் கொடுத்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் 4.0 வந்தபோது போன்களில் மெனு விசைக்கே தேவையில்லாமல் போனது. 2012 ஜனவரியில் கூகுள் தன் டெவலப்பர்களுக்கு வெளிப்படையாகவே சொன்னது: மெனு விசையை நம்பி ஆப் எழுதுவதை நிறுத்துங்கள், முக்கியமான செயல்களை ஸ்க்ரீனில் கண்ணில் படும்படி வையுங்கள். விசை உள்ள போன்களில் புள்ளியைக் காட்டாமல் மறைத்துவந்த குழப்பமும் 2013-ல் 4.4 வந்தபோது தீர்ந்தது.

அன்று வகுத்த முறையில் முதல் பாதி முக்கியமானதை வெளியே வைப்பது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டோம். மிஞ்சியதைப் புள்ளிக்குள் வைப்பது என்ற பின்பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டோம். விசை இருந்த காலத்தில் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே தெரியாது. இப்போது ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

மறைத்து வைத்தால் மக்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000 பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனுவிலிருந்து தானாகவே மறைத்துவிட்டு, அடியில் ஓர் இரட்டை அம்புக்குறி மட்டும் காட்டும். நேற்று அங்கே இருந்த கட்டளை இன்று காணோம் என்று திகைத்தவர்கள் ஏராளம். ஆஃபிஸ் 2007-ல் அந்த மெனுக்களையே தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் விரித்துக் காட்டும் ரிப்பன் முறைக்கு வந்தார்கள். 2016-ல் நீல்சன் நார்மன் குழுமம் 179 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. அது மூன்று கோடு பட்டனுக்குள் முதன்மை மெனுவை மறைப்பதைப் பற்றியது. மறைத்தபோது மக்கள் கண்டுபிடிக்கும் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, வேலை முடிக்க நேரமும் கூடியது என்று கண்டார்கள். கோட்டுக்கு நேர்ந்தது புள்ளிக்கு நேராது என்று எதை வைத்து நம்புகிறோம்?

ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம் அது.

ஆண்ட்ராய்டில் பழைய முறையில் மெனு எழுதும்போது, ஒவ்வொரு பட்டனுக்கும் அது வெளியே நிற்க வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா என்று ஒரு வரி எழுதுவோம். ‘ஆல்வேஸ்’ என்று எழுதினால் எப்போதும் வெளியே. ‘நெவர்’ என்றால் எப்போதும் உள்ளே. நடுவில் ஒன்று உண்டு, ‘இஃப் ரூம்’. இடமிருந்தால் வெளியே வை, இல்லாவிட்டால் உள்ளே தள்ளு. டெவலப்பர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். முடிவைப் போனே எடுத்துக்கொள்ளும்.

போன் அதை எப்படி முடிவு செய்கிறது? ஸ்க்ரீன் அகலத்தை டிபி என்ற அலகில் அளக்கிறது. பெரும்பாலான ஆப்களில் நாங்கள் பயன்படுத்தும் கூகுளின் நூலகத்தில் கணக்கு இதுதான்: அகலம் 360 டிபிக்குக் குறைந்தால் மேல்பட்டையில் 2 பட்டனுக்குத்தான் இடம், 360 இருந்தால் 3, 500 இருந்தால் 4. மூன்று புள்ளி வர வேண்டியிருந்தால் அதுவே அதில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, 360 டிபி அகலமுள்ள சாதாரண போனில் 2 பட்டன் வெளியே நிற்கும். ஒன்று தேடல், இன்னொன்று ஸ்டேட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண் மங்கலான ஒருவர் செட்டிங்ஸுக்குப் போய், எல்லாம் பெரிதாகத் தெரியட்டும் என்று டிஸ்ப்ளே சைஸைக் கூட்டி வைக்கிறார். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் அந்த வசதி இருக்கிறது. பெரிதாக்கியதும் என்ன ஆகிறது? கண்ணாடி அதே அளவுதான். ஆனால் டிபி கணக்கில் அகலம் சுருங்கி 360-க்குக் கீழே போய்விடுகிறது. 3 இடம் 2 ஆகிறது. அதில் ஒன்றைப் புள்ளி எடுத்துக்கொள்கிறது. தேடல் மட்டும் வெளியே நிற்கிறது, ஸ்டேட்மென்ட் உள்ளே போய்விடுகிறது.

கண் நன்றாகத் தெரிகிறவருக்குப் பட்டன் வெளியே. கண் தெரியாதவருக்கு உள்ளே. யாருக்கு அது பெரிதாகக் கண்முன் நிற்க வேண்டுமோ, அவரிடமிருந்து பறித்துப் புள்ளிக்குள் போடுகிறோம். பெரிதாக்கிக் கேட்டதற்குத் தண்டனை. அத்தனை பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள்: டிசைனர் படத்தில் ஸ்டேட்மென்ட் வெளியே இருக்கிறது, டெஸ்டிங்கில் வெளியே இருக்கிறது, டெமோவில் மேலதிகாரிக்குக் காட்டியபோதும் வெளியே இருக்கிறது. அவர்கள் போனில் டிஸ்ப்ளே சைஸ் சிறியது. உதவிக்கென்று யூட்யூபில் போடும் வீடியோவிலும் ‘மேலே உள்ள ஸ்டேட்மென்ட் பட்டனைத் தொடுங்கள்’ என்று குரல் சொல்லும். டிஸ்ப்ளே சைஸைக் கூட்டிய தாத்தாவின் போனில் அங்கே அந்தப் பட்டன் கிடையாது. வீடியோ பார்த்தும் தனக்கு வரவில்லை என்று அவர் போனைப் பேரனிடம் நீட்டுவார். பேரன் அமெரிக்காவில் இருந்தால் அதுவும் கிடையாது.

இதை ஒருமுறை டிஸ்ப்ளே சைஸைக் கூட்டிவைத்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஆப் வெளியிடும் முன்னால் போனைப் பெரிய டிஸ்ப்ளே சைஸில் வைத்து எல்லா ஸ்க்ரீனையும் ஒரு சுற்று பாருங்கள் என்று. ‘அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்’ என்கிறார்கள். அடுத்த ரிலீஸில் இன்னும் இரண்டு வசதி வந்து சேர்கிறது, இடம் இன்னும் குறைகிறது.

பார்வையே இல்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் டாக்பேக் என்ற வாசிப்பான் சொல்லும் குரலை வைத்து ஆப்பில் நடமாடுகிறார்கள். மேல்பட்டையில் ஆண்ட்ராய்டு தானாகத் தரும் மூன்று புள்ளியைத் தொட்டால் ‘மேலும் விருப்பங்கள்’ என்று சொல்லும். அதுவரை பரவாயில்லை. ஆனால் இப்போது ஒரு பட்டியலில் வரிக்கு வரி மூன்று புள்ளி வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அதை நாங்களே படமாக வைக்கிறோம், அதற்குப் பெயர் எழுத மறந்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன்களை எழுதும் புதிய முறையான கம்போஸில் ஐகான் வைத்தால் அதற்கு விவரம் தராமல் நிரல் ஓடாது என்று கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். அங்கே ‘நல்’ என்று, அதாவது ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதினாலும் எல்லா வரிக்கும் ஒரே பெயர். பணம் அனுப்பிய இருபது பேர் பட்டியலில் விரலை நகர்த்தினால் ‘மேலும் விருப்பங்கள், மேலும் விருப்பங்கள், மேலும் விருப்பங்கள்’ என்றே கேட்கும். யாருக்கு அனுப்பிய பணத்தின் விருப்பங்கள் என்று எப்படித் தெரியும்? அந்த வரியில் உள்ள பெயரையும் சேர்த்துச் சொல்ல வைப்பது ஒரே ஒரு வரி வேலை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரிக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது எங்கள் தொழிலுக்கு அழகில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஆண்ட்ராய்டு போனின் ஸ்க்ரீன் 3.2 அங்குலம். கட்டைவிரலை எந்த மூலைக்கும் நீட்டலாம். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஆறரை அங்குலம். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் தெருவிலும் பேருந்திலும் மக்கள் போன் பிடிக்கும் விதத்தை 1,333 முறை கவனித்துக் குறித்தார். அவர்களில் ஸ்க்ரீனைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், சரியாகச் சொன்னால் 49 சதவீதம், ஒற்றைக் கையால் பிடித்திருந்தார்கள். மாநகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் காட்ட டிக்கெட்டைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். வலது கைக் கட்டைவிரலுக்கே எட்டாத உச்சி மூலையில் புள்ளி. இடது கைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்க்ரீனின் அடிப்பகுதியில் கைக்கு எட்டும் இடமெல்லாம் இருக்கிறது. அங்கே விளம்பரம் இருக்கிறது.

தமிழில் ஆப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம். ‘ஹெல்ப்’ என்ற சின்னப் பட்டன் ‘உதவி’ என்று அடங்கிவிடும். ‘நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ்’ என்பது ‘அறிவிப்பு அமைப்புகள்’ ஆகி நீளும். எழுத்தின் அகலமும் அதிகம். ஆங்கிலத்தில் வரைந்த பெட்டிக்குள் தமிழை ஊற்றும்போது வெளியே நிற்க இடமில்லாமல் பட்டன் உள்ளே போகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ‘பரிவர்த்தனை விவரங்களைப் பதி…’ என்று பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. பதிவிறக்கவா, பதிவேற்றவா, பதிவு செய்யவா? தமிழ் வைத்தால் எல்லாம் குழம்புகிறது என்று சொல்லி மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்களை நான் பார்க்கிறேன். தமிழ் மேல் பழி விழுகிறது. இரண்டு வரி எழுத இடம் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இவையெல்லாம் கவனக்குறைவு. வேண்டுமென்றே ஒளிப்பதும் இருக்கிறது. சந்தாவில் சேரும் பட்டன் ஸ்க்ரீன் அகலத்துக்குப் பச்சையாக நிற்கும். சந்தாவை நிறுத்த வேண்டுமென்றால் புள்ளி, அதற்குள் கணக்கு, அதற்குள் மேலும், அதற்குள் நிர்வகி. இடமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. சேர்வதற்கு இருந்த இடம் விலகுவதற்கு மட்டும் எங்கே போனது? 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அதில் ஒன்று. சந்தாவை நிறுத்தும் வழியை மறைத்து வைப்பதும் அதற்குள் அடங்கும் என்று எழுத்திலேயே இருக்கிறது. 2022 ஜூன் 30 முதல், ஆப்பில் கணக்குத் தொடங்க வழி இருந்தால் அதை ஆப்புக்குள்ளேயே நீக்கவும் வழி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் விதித்திருக்கிறது. விதிகள் வந்துவிட்டன. மீட்டிங்கில் அதைச் சொன்னால், ‘மெனுவுல இருக்கே, இல்லைன்னா சொன்னோம்?’ என்று பதில் வருகிறது. இருப்பது வேறு, கிடைப்பது வேறு என்று அதற்கு மேல் எப்படி விளக்குவது?

மூன்று புள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையகல ஸ்க்ரீனில் எல்லாவற்றையும் பரப்பினால் அதுவும் கொடுமைதான். ஐபோனில் அடிப்பட்டையில் 5-க்கு மேல் பிரிவு வைத்தால் ஐந்தாவது இடம் தானாகவே ‘மோர்’ என்று மாறி, மிச்சத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி ஆப்பிள் செய்திருக்கிறது. அந்த எல்லை நியாயமானது. ஆப்பின் பதிப்பு எண், உரிம விவரம், மொழி மாற்றம், கருத்துத் தெரிவிக்கும் பெட்டி, இவையெல்லாம் உள்ளே இருக்கட்டும். ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை தேடுவதை இரண்டு தொடுதலில் எடுத்துக்கொள்வார். எதற்காக அந்த ஸ்க்ரீனைத் திறந்தாரோ அது உள்ளே போகக் கூடாது. தவறித் தொட்டால் சிரமம் தரும் செயல், உதாரணமாக அழி, வெளியேறு போன்றவை, தினமும் தொடுவதற்கு அடுத்த வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நடுவில் ஒரு கோடு, கொஞ்சம் இடைவெளி, அதோடு ‘நிச்சயமாகத்தானா?’ என்று ஒரு கேள்வி. அது இருந்திருந்தால் அத்தை அன்றைக்கே ஸ்டேட்மென்ட் எடுத்திருப்பார்.

இவை பெரிய ஆராய்ச்சி கேட்கும் காரியங்களும் இல்லை. எந்த ஸ்க்ரீனில் மக்கள் எதைத் தொடுகிறார்கள் என்ற கணக்கு எல்லா நிறுவனங்களிடமும் இருக்கிறது. ஆஃபர் எத்தனை பேரை இழுத்தது என்று அந்தக் கணக்கைத் தினமும் பிரித்துப் பார்க்கிறார்கள். புள்ளியைத் தொட்டுத் திறந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று அதே கணக்கில் கேட்டால் கிடைக்கும். தேடி வந்தது கிடைக்காமல் போனவர்கள் அதில் இருக்கிறார்கள். அந்த எண்ணை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. புள்ளிக்குள் ஒரு பட்டன் போனால் அதைத் தொடுபவர்கள் குறைவார்கள். ஆறு மாதம் கழித்து, ‘இதை யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று அந்த எண்ணைக் காட்டியே அந்த வசதியை நீக்குகிறார்கள். ஒளித்து வைத்தவர்களே, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லித் தூக்கிவிடுவது என்ன நியாயம்? சின்ன எழுத்தில் இருந்த ரசீது அச்சிடும் வசதி, பழைய பில்லை எடுக்கும் வசதி என்று எத்தனையோ இப்படித்தான் போயின. அதைத் தேடி அலைந்தவர் சில நூறு பேராகவே இருக்கட்டும். அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

என்னோடு இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு பட்டனை உள்ளே அனுப்பும் முன்னால், வெளியே நிற்பதில் எதை அதற்காக இறக்கலாம் என்று ஒரு தடவையாவது பேனரைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். உங்கள் போனை ஒரு நாள் மிகப் பெரிய டிஸ்ப்ளே சைஸில், தமிழில் வைத்துக்கொண்டு உங்கள் ஆப்பையே பயன்படுத்துங்கள். புள்ளிக்குக் கறுப்பு நிறம் கொடுங்கள், அதற்குப் பெயர் எழுதுங்கள். முடிந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் ‘மேலும்’ என்று ஒரு சொல்லையாவது வையுங்கள்.

போன் வைத்திருக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏதாவது கிடைக்காமல் போனால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆப் ஸ்டோரில் விமர்சனம் எழுதும் இடம் இருக்கிறது. ‘மோசம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எதைத் தேடினீர்கள், அது எங்கே இருந்தது, எந்தப் போன், எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். அவற்றை நாங்கள் படிக்கிறோம். என்னைப் போன்றவர்கள் மீட்டிங்கில் தொண்டை வறளப் பேசியும் எடுபடாதது, வாடிக்கையாளர் எழுதிய நான்கு வரியை ஸ்க்ரீனில் போட்டுக் காட்டினால் எடுபடுகிறது.